பழைய கட்டடம், அளவான பணம்: எந்த வேலையை முதலில் எடுப்பது?

#1 மாடிப்படி

எல்லோருக்கும் வணக்கம். நாற்பது வயதான இரண்டு தளக் கட்டடம் எங்களுடையது. செங்கல் சுவர், கான்கிரீட் கூரைத்தளம், மரச் சட்டத்தில் ஒற்றைக் கண்ணாடி ஜன்னல்கள். கோடையில் மேல்தளத்தில் உட்கார முடிவதில்லை. குளிர்காலத்தில் ஹீட்டரை அணைத்த கொஞ்ச நேரத்திலேயே அறை சில்லிட்டுப் போகிறது. சூடேற்ற எரிவாயு பாய்லர், குளிரூட்ட ஏசி. இரண்டு கட்டணமும் ஏறிக்கொண்டே இருக்கின்றன.

மூன்று பேரை வரவழைத்துக் கேட்டோம். ஒருவர் முதலில் சோலார் பேனல் போடச் சொன்னார் (அவர் பேனல் விற்பவர்). இன்னொருவர் எல்லா ஜன்னலையும் மாற்றச் சொன்னார் (அவர் என்ன விற்கிறார் என்று சொல்லவே வேண்டாம்). மூன்றாமவர் சுற்றிப் பார்த்துவிட்டு, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதுதான் லாபம் என்றார்.

எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்யப் பணம் இல்லை. அதே சமயம், மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று லாரி லாரியாகக் குப்பையை வெளியே தள்ளவும் மனம் வரவில்லை. விவரம்: ஒரு தளம் 80 சதுர மீட்டர், வெளிச்சுவர் ஜன்னல் நீங்கலாக 150, ஜன்னல்களின் மொத்தப் பரப்பு 20. கூரையின் நீர்த்தடுப்பு வெடித்து இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. ஏசி கடைசிக் காலத்தில் இருக்கிறது. எதில் தொடங்கலாம்?

#2 கணக்குப்பிள்ளை

முதலில் ஒரு கேள்வி. கடந்த பன்னிரண்டு மாதக் கட்டண ரசீதுகள் கையில் இருக்கின்றனவா? இருந்தால் மாதவாரியாக யூனிட்டை எழுதிப் பாருங்கள். ஏசியும் ஹீட்டரும் ஓடாத மாதத்தில் எவ்வளவு ஆகிறதோ, அது விளக்கு, ஃபிரிட்ஜ், வெந்நீர் போன்றவற்றின் அடிப்படைச் செலவு. சுவரில் என்ன செய்தாலும் அது குறையாது. மற்ற மாதங்களில் அதற்கு மேல் ஏறும் அளவுதான் கட்டடம் தின்பது. புதுப்பிப்பு வேலைக்குப் பிடி இருப்பது அந்தப் பகுதியில் மட்டும்தான்.

இதைப் பார்க்காமல் யாராவது "கட்டணம் பாதியாகிவிடும்" என்றால் நம்பாதீர்கள்.

#3 செங்கல்சூளை

நீங்கள் அளவுகளைக் கொடுத்துவிட்டீர்கள், நல்லது. பாதிப் பேர் அதைக் கொடுக்காமலே "எந்த இன்சுலேஷன் பெஸ்ட்?" என்று கேட்பார்கள். ஒரு தோராயக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

யு-மதிப்பு என்பது, உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் வெப்பம் கடக்கிறது என்பது. குறைந்தால் நல்லது. வெறும் 15 செ.மீ. கான்கிரீட் தளத்துக்கு ஏறக்குறைய 3.8 வரும். 23 செ.மீ. செங்கல் சுவருக்கு இருபுறப் பூச்சோடு 2 என்று வைத்துக்கொள்ளலாம். ஒற்றைக் கண்ணாடிக்கு 5.7.

இனிப் பெருக்குங்கள். கூரை 80 × 3.8, அதாவது டிகிரிக்கு 304 வாட். சுவர் 150 × 2 = 300. ஜன்னல் 20 × 5.7 = 114. அப்புறம் இடுக்குகள் வழியாகப் போகும் காற்று. உள்ளே சுமார் 430 கன மீட்டர் காற்று இருக்கும். பழைய கட்டடத்தில் மணிக்கு ஒரு முறை அது முழுவதும் மாறிவிடுகிறது என்று கொண்டால் சுமார் 142. மொத்தம் 860.

ஜன்னல்காரர் சொன்னபடி இருபது சதுர மீட்டரையும் நல்ல இரட்டைக் கண்ணாடியாக்கி, உள்ளே ஆர்கான் வாயுவும் வெப்பக் கதிரைத் திருப்பும் லோ-ஈ பூச்சும் போட்டால் யு-மதிப்பு 1.2க்கு இறங்கும். மிச்சம் 90 வாட். கூரையில் 10 செ.மீ. காப்புப் பலகை (இன்சுலேஷன்) போட்டால் 304 இருந்த இடத்தில் 25. மிச்சம் 279. இடுக்குகளை ரப்பர் பட்டையாலும் சீலன்டாலும் அடைத்துக் காற்றொழுக்கைப் பாதியாக்கினாலே 71 மிச்சம். செலவோ மற்ற இரண்டோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

ஜன்னல் கெட்ட யோசனை என்று சொல்லவில்லை. முதல் யோசனை அது இல்லை.

#4 நிழல்தேடி

செங்கல்சூளையின் கணக்கு குளிர்காலத்துக்குச் சரி. கோடையில் கதையே வேறு. கண்ணாடி வழியாக வெப்பம் கடந்து வருவது ஒன்று, வெயில் நேராக உள்ளே விழுவது இன்னொன்று. நல்ல வெயில் நேராகப் படும் ஒரு சதுர மீட்டர் சாதாரணக் கண்ணாடி 500 வாட்டுக்கு மேல் உள்ளே விடும். வெளியே பத்து டிகிரி கூடுதல் சூடு என்றால் அதே கண்ணாடி வழியாகக் கடத்தலில் வருவது 57 வாட் மட்டும். அதனால் கோடைக்கு நிழல்தான் முதல் வேலை.

அந்த நிழல் கண்ணாடிக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே எவ்வளவு கனத்த திரை போட்டாலும் வெயில் அதற்குள் அறைக்குள் வந்தாகிவிட்டது. திரை சூடாகி, அந்தச் சூட்டை அறைக்கே கொடுக்கும். உச்சி வெயில் விழும் பக்கத்துக்குச் சன்ஷேடு நீளமாக இருந்தால் போதும். கிழக்கிலும் மேற்கிலும் சூரியன் தாழ்ந்து வருவதால் சன்ஷேடுக்குக் கீழே புகுந்துவிடும். அங்கே வெளிப்புறம் இறக்கும் தட்டியோ, மடக்குப் பலகைகளோ, இலையுதிர் மரமோ வேண்டும். மரம் கோடையில் மறைக்கும், குளிர்காலத்தில் இலை உதிர்ந்து வெயிலை உள்ளே விடும்.

கூரையில் வெள்ளைப் பூச்சு ஒன்றே அடிக்கலாம் என்றும் சொல்வார்கள். புதிய வெள்ளைப் பூச்சு வெயிலில் ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பி அனுப்பும், மலிவும்கூட. ஆனால் அழுக்குப் படிந்தால் பலன் குறையும். குளிர்காலம் நீளமான இடங்களில் கிடைக்கவேண்டிய வெயில் சூட்டையும் அது தட்டிவிடும்.

#5 மாடிப்படி

நன்றி. ரசீதுகளைத் தேடி எடுக்கிறேன். @செங்கல்சூளை, கூரைக்கு 10 செ.மீ. என்றீர்களே, 5 போதாதா? விலை விசாரித்தபோது 5 செ.மீ. பலகை கிட்டத்தட்ட பாதி விலை.

#6 செங்கல்சூளை

முதல் 5 செ.மீ.தான் பெரிய வேலையைச் செய்கிறது என்பது உண்மை. வெளியும் உள்ளும் 15 டிகிரி வித்தியாசம் என்று வையுங்கள். வெறும் தளம் வழியாகச் சதுர மீட்டருக்கு 57 வாட் கடக்கும். 5 செ.மீ. போட்டால் 9. 10 போட்டால் 5. 15 போட்டால் 3. முதல் ஐந்து 48 வாட்டை நிறுத்துகிறது. அடுத்த ஐந்து வெறும் 4. அதனால் பணம் இறுக்கமாக இருந்தால் 5 போடுவதில் தவறில்லை. நானே பலருக்கு 5 என்று சொல்லியிருக்கிறேன்.

#7 சாரம்கட்டி

இதில் நான் உடன்படமாட்டேன். தளத்தில் நிற்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பலகையின் விலை மொத்தச் செலவில் சின்னப் பங்கு. பழைய பூச்சை உரிப்பது, சரிவு பார்ப்பது, நீர்த்தடுப்பு, வடிகுழாயை உயர்த்துவது, கைப்பிடிச்சுவர் ஓர வேலை, ஆள்கூலி எல்லாம் 5க்கும் ஒன்றுதான், 10க்கும் ஒன்றுதான். இன்றைக்கு 5 போட்டுவிட்டுப் பத்து வருடம் கழித்து "இன்னும் ஐந்து போட்டிருக்கலாமே" என்று தோன்றினால், மொத்த வேலையையும் மறுபடி செய்யவேண்டும். யாரும் செய்யமாட்டார்கள். அந்த 5 செ.மீ. அடுத்த முப்பது வருடத்துக்கு அப்படியே இருக்கும். செங்கல்சூளை பலகைக்குக் கணக்குப் போடுகிறார். நான் வேலைக்குக் கணக்குப் போடச் சொல்கிறேன்.

அதைவிட முக்கியமான ஒன்று. மாடிப்படி, உங்கள் கூரை ஒழுகுகிறது. காப்பு போட்டாலும் போடாவிட்டாலும் நீர்த்தடுப்பைப் புதுப்பித்தே ஆகவேண்டும். அந்தச் செலவு மராமத்துக் கணக்கு. காப்புக்கு நீங்கள் உண்மையில் கொடுப்பது அதற்கு மேல் வரும் கூடுதல் மட்டும்: பலகை, கொஞ்சம் கூலி, ஓர வேலைகள். முழுச் செலவையும் காப்பின் தலையில் எழுதினால் போட்ட முதல் திரும்ப முப்பது வருடம் ஆகும் என்று வரும். கூடுதலை மட்டும் எழுதினால் அதே காப்பு சில வருடங்களில் தன் விலையைத் திருப்பிவிடும். சுவருக்கும் இப்படித்தான். வெளிப்பூச்சு உதிர்ந்து எப்படியும் சாரம் கட்டப்போகும் வருடத்தில் காப்பைச் சேர்த்துச் செய்யுங்கள். நல்ல பூச்சை உரித்துக் காப்பு போடுவது காசுக்கும் நட்டம், குப்பையும் கூடுதல்.

ஆகவே பட்டியல் எழுதும்போது "எது அதிகம் மிச்சம் தரும்" என்று மட்டும் பார்க்காதீர்கள். "எதை எப்படியும் செய்யப்போகிறேன், எப்போது" என்று பக்கத்தில் ஒரு பத்தி போடுங்கள். உங்கள் கட்டடத்தில் அந்தப் பத்தியில் முதலில் வருவது கூரை, அடுத்தது ஏசி.

#8 செங்கல்சூளை

கூலிக் கணக்கு நியாயம்தான். சரி, 10 என்றே வைத்துக்கொள்வோம். 20 என்று மட்டும் யாரும் கிளம்பாதீர்கள்.

#9 பசுங்கணக்கு

இதுவரை எல்லோரும் கட்டணத்தையே பேசுகிறீர்கள். மாடிப்படி கேட்டதில் பாதி சுற்றுச்சூழல். அந்தப் பக்கம் நான் வருகிறேன்.

இடித்துக் கட்டும் யோசனையை முதலில் தூக்கிப் போடலாம். உலகின் கார்பன் டை ஆக்சைடு உமிழ்வில் சுமார் 8 சதவீதம் சிமென்டிலிருந்து வருகிறது. அதில் பாதிக்கு மேல் சுண்ணாம்புக்கல் சூட்டில் பிரியும்போது கல்லிலிருந்தே வெளிவருவது; சூளைக்கு எவ்வளவு சுத்தமான எரிபொருள் போட்டாலும் அது வந்தே தீரும். உங்கள் அடித்தளம், தூண், தளம் எல்லாவற்றின் உமிழ்வும் நாற்பது வருடத்துக்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. இடித்தால் அதைக் குப்பையாக்கிவிட்டு, மறுபடி அவ்வளவையும் இன்றே காற்றில் விடவேண்டும். அமெரிக்காவில் பழங்கட்டடப் பாதுகாப்புக்கான தேசிய அறக்கட்டளை 2011இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, பழையதைவிட 30 சதவீதம் சிக்கனமான புதுக் கட்டடம் கட்டினாலும் கட்டும்போது உண்டான பாதிப்பை ஈடுகட்டக் கட்டட வகையைப் பொறுத்து 10 முதல் 80 வருடம் ஆகும் என்றது.

பிரான்சின் கட்டடக் கலைஞர்கள் லகாதோன், வசால் இருவருக்கும் 2021இல் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது. அவர்கள் கொள்கையே இடிக்காதே என்பதுதான். போர்டோ நகரில் 530 வீடுகள் கொண்ட மூன்று பழைய அடுக்குமாடிகளை இடிக்காமல், வெளிப்புறம் ஆழமான கண்ணாடி வராந்தாக்களைச் சேர்த்தார்கள். குடியிருந்தவர்கள் வீட்டைக் காலி செய்யவே இல்லை. அந்த வராந்தாவே குளிருக்குக் காப்பு.

அடுத்து, காப்புப் பொருளின் சொந்தக் கார்பன். தெர்மோகோல் என்று நாம் சொல்லும் ஈபிஎஸ் பலகையைச் சுவருக்கு 10 செ.மீ. ஒட்டினால், பலகைக்கு மட்டும் சதுர மீட்டருக்குச் சுமார் 5, 6 கிலோ கார்பன் டை ஆக்சைடு. பசை, வலை, பூச்சு சேர்த்தால் இரட்டிப்பு என்று கொள்ளுங்கள். குளிர் மிகுந்த, 2500 டிகிரி-நாள் (அறைக்குத் தேவையான சூட்டைவிட வெளியே எத்தனை டிகிரி குறைவு என்பதை நாள்தோறும் கூட்டி வரும் வருட எண்ணிக்கை) உள்ள இடத்தில் அந்த ஒரு சதுர மீட்டர் வருடத்துக்குச் சுமார் 100 கிலோவாட் மணி மிச்சம் பிடிக்கும். எரிவாயுவில் சூடேற்றினால் அது 20 கிலோ. ஒரே வருடத்தில் கடன் தீர்ந்தது. 500 டிகிரி-நாள் மட்டுமே உள்ள இதமான இடத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் மிச்சம் வரும். மூன்று வருடம் ஆகும். அதுவும் மோசமில்லை.

ஆனால் 10ஐ 20 ஆக்கினால்? கூடுதல் பலகைக்கு இன்னொரு 5, 6 கிலோ. வருட மிச்சம் குளிர் இடத்தில் 1.7 கிலோ, இதமான இடத்தில் மூன்றில் ஒரு கிலோ. முன்னதில் மூன்று வருடத்துக்கு மேல், பின்னதில் பதினைந்து வருடத்துக்கு மேல். மின்சாரத்தில் சூடேற்றி, அந்த மின்சாரம் காற்றாலையிலும் நீர்மின் நிலையத்திலும் இருந்து வந்தால் கடன் இன்னும் மெதுவாகத்தான் தீரும். செங்கல்சூளை 20 வேண்டாம் என்றதற்கு என் பக்கத்திலிருந்தும் ஒரு ஓட்டு.

#10 எதிர்க்கட்சி

இவ்வளவு கணக்கும் காகிதத்தில் அழகாக இருக்கிறது. ஜெர்மனி வீடுகளின் உண்மையான எரிபொருள் செலவை ஆற்றல் சான்றிதழில் போட்ட கணக்கோடு ஒப்பிட்ட ஆய்வு 2012இல் வந்தது. கணக்கு சொன்னதைவிடச் சராசரியாக 30 சதவீதம் குறைவாகவே மக்கள் எரித்தார்கள். ஏன்? ஒழுகும் வீட்டில் இருப்பவன் எல்லா அறையையும் சூடாக்குவதில்லை. ஒரே அறையில் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருப்பான். எரிக்காத ஒன்றை மிச்சம் பிடிக்க முடியாது.

சரி, காப்பு போட்டாகிவிட்டது. இப்போது நான்கு அறையையும் சூடாக்குவான். ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் ஜெவன்ஸ் 1865இல் நிலக்கரியைப் பற்றிச் சொன்னதும் இதே சங்கதிதான்: சிக்கனம் கூடினால் பயன்பாடும் கூடும். ஒப்பந்தக்காரர் சொல்லும் மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கை அடித்துவிட்டுப் பாருங்கள்.

#11 கணக்குப்பிள்ளை

இதற்காகத்தான் #2இல் ரசீது கேட்டேன். மாதிரிக் கணக்கில் தொடங்கினால் எதிர்க்கட்சி சொல்லும் பள்ளத்தில் விழுவோம். உண்மையில் எரித்ததில் தொடங்கினால் விழமாட்டோம். செங்கல்சூளையின் 860 வாட்டை எந்தப் பகுதி எத்தனை பங்கு என்று பிரிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கூரை 35, சுவர் 35, காற்று 17, ஜன்னல் 13 சதவீதம். அந்தப் பங்கை உங்கள் ரசீதின் யூனிட்டோடு பெருக்குங்கள்.

பிறகு, முதல் திரும்பும் காலத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். ஐந்து வருடத்தில் காசைத் திருப்பி, எட்டாம் வருடத்தில் செத்துப்போகும் இயந்திரமும் உண்டு; பன்னிரண்டு வருடத்தில் திருப்பி நாற்பது வருடம் நிற்கும் கூரைக் காப்பும் உண்டு. ஆயுள் முழுதும் சேர்த்துப் பார்த்தால் இரண்டாவதுதான் லாபம். கடன் வாங்கிச் செய்கிறீர்கள் என்றால் வட்டியையும் உள்ளே கொண்டுவாருங்கள். வட்டி ஏற ஏற நீண்டகால வேலைகள் பின்னுக்குப் போகும்.

எதிர்க்கட்சிக்கு ஒன்று: நான்கு அறையும் இதமாக இருப்பதும் ஒரு பலன்தான். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அதை நட்டத்தில் எழுதமாட்டேன்.

#12 எதிர்க்கட்சி

அதை ஒத்துக்கொள்கிறேன். பலன் என்று சொல்லுங்கள், மிச்சம் என்று சொல்லாதீர்கள். அவ்வளவுதான்.

#13 ஓதம்பார்ப்பவள்

எல்லோரும் வெப்பத்தைப் பேசிவிட்டு ஈரத்தை மறந்துவிடுகிறார்கள். நான் அடிக்கடி பார்ப்பது இதைத்தான்: காற்றொழுக்கை அடைத்தார்கள், இரட்டைக் கண்ணாடி போட்டார்கள், அடுத்த குளிர்காலத்தில் அலமாரிக்குப் பின்னால் கருப்பாகப் பூசணம்.

காரணம் எளிது. சமையல், குளியல், துணி காய்தல், நம் மூச்சு எல்லாம் காற்றில் நீராவியைச் சேர்க்கின்றன. முன்பு அது இடுக்கு வழியாக வெளியேறியது. பழைய ஒற்றைக் கண்ணாடி இருந்தபோது அறையிலேயே குளிர்ந்த இடம் கண்ணாடிதான். ஈரம் அங்கே முத்து முத்தாகப் படிந்தது, துடைத்தால் போயிற்று. இப்போது கண்ணாடி சூடாகிவிட்டது, இடுக்கும் இல்லை. அடுத்துக் குளிர்ந்த இடம் எது? சுவர் மூலை. ஈரம் அங்கே போகிறது, அங்கே துடைக்க ஆளில்லை. சுவரைத் தொடாமல் ஜன்னலை மட்டும் மாற்றும் திட்டத்தை நான் சந்தேகமாகப் பார்ப்பது இதனால்தான்.

ஆகவே இடுக்கை அடைக்கிற அன்றே சமையலறைக்கும் குளியலறைக்கும் வெளியேற்று விசிறி போடுங்கள், புதுக்காற்று வரும் வழியையும் தீர்மானியுங்கள். வெப்பத்தை மீட்கும் காற்றோட்டக் கருவி நல்லதுதான், ஆனால் அதற்குக் குழாய் ஓட்டவேண்டும். பழைய கட்டடத்தில் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது.

இன்னொன்று. சுவருக்கு உள்பக்கம் காப்பு போடுவது மலிவு, சாரம் வேண்டாம். ஆனால் அப்போது செங்கல் முழுதும் குளிரில் நிற்கிறது, வீட்டு நீராவி காப்புக்குப் பின்னால் போய்க் குளிர்ந்த செங்கலில் தண்ணீராகிறது. வெளிப்பக்கம் போட முடியாத கட்டடத்துக்கு மட்டும் உள்பக்கத்தை யோசியுங்கள், அதுவும் ஈரத்தை உறிஞ்சி விடக்கூடிய கால்சியம் சிலிகேட், மரநார் போன்ற பலகையாக மெல்லிசாக. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழஞ்சுவருக்குச் சிமென்ட் பூச்சும் பிளாஸ்டிக் பெயின்டும் அடித்து மூச்சை அடைத்துவிடாதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், ஒழுகுவதை நிறுத்துங்கள். ஈரச்சுவர் மேல் ஒட்டிய காப்பு பணத்தைக் கரைத்த கதைதான்.

#14 அடுக்குமாடி_ஏழு

நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். நாங்கள் அடுக்குமாடியில் மேல்தளம். கூரைக் காப்புக்குச் சங்கத்தில் கேட்டால் கீழ்தளத்துக்காரர்கள் "சூடு உங்களுக்குத்தானே, நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். வாடகைக்கு விட்டவர்களோ கட்டணத்தைக் குடியிருப்பவர்தானே கட்டுகிறார் என்று கண்டுகொள்வதே இல்லை.

#15 சாரம்கட்டி

நீர்த்தடுப்பு பொதுச் செலவுதானே? அதைப் புதுப்பிக்கும் வருடம் வரட்டும். காப்பைத் தனி வேலையாக ஓட்டுக்கு விடாமல், நீர்த்தடுப்பின் ஒரு பகுதியாகவே மதிப்பீடு வாங்குங்கள். நீர்த்தடுப்புப் படலத்துக்கு மேலே, தண்ணீர் எளிதில் ஏறாத எக்ஸ்பிஎஸ் நுரைப் பலகையைப் பரப்பி, அதன் மேல் சரளையோ ஓடோ போடுவது ஒரு முறை. படலத்தின் மேல் வெயில் விழாது, சூடு-குளிர் மாற்றத்தில் அது வெடிக்காது, ஆயுள் கூடும். அது கீழ்தளத்துக்காரருக்கும் லாபம்தான், அடுத்த பழுதுக்கு அவரும்தானே பணம் கட்டவேண்டும்.

மாடிப்படிக்கும் இதுவே பொருந்தும். ஆனால் மூன்று விஷயம் பார்க்கவேண்டும். 5 செ.மீ. சரளை சதுர மீட்டருக்கு 80, 90 கிலோ பாரம். தளம் தாங்குமா என்று கட்டுமானப் பொறியாளரிடம் கேட்காமல் கொட்டக்கூடாது. தரை 15 செ.மீ. உயரும்போது கைப்பிடிச்சுவர் அந்த அளவுக்குக் குட்டையாகிவிடும், மாடிக் கதவின் வாசற்படியும் முழுகும். அப்புறம் கைப்பிடிச்சுவரின் உள்பக்கமும் தலையும் காப்பில் மூடப்படவேண்டும்; விட்டால் அது வழியாகச் சூடும் குளிரும் தளத்துக்குள் இறங்கும். மதிப்பீட்டில் பலகையின் தடிமன் இருக்கும், இந்த ஓரங்கள் பெரும்பாலும் இருக்காது. கேட்டு எழுதி வாங்குங்கள். எக்ஸ்பிஎஸ்ஸுக்குப் பதில் சாதாரணத் தெர்மோகோலை அங்கே போட விடாதீர்கள், அது தண்ணீர் குடிக்கும்.

#16 பசுங்கணக்கு

எக்ஸ்பிஎஸ் வாங்கும்போது எந்த வாயுவில் நுரைத்தது என்று கேளுங்கள். பழைய முறையில் எச்எஃப்சி-134ஏ என்ற வாயு. அதன் ஒரு கிலோ நூறு வருடக் கணக்கில் 1400 கிலோவுக்கு மேற்பட்ட கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். கார்பன் டை ஆக்சைடிலேயே நுரைத்த பலகையும் கிடைக்கிறது.

ஏசிக்கும் இதே கதை. பழைய பெட்டியில் குளிரூட்டு வாயுவாக ஆர்-410ஏ இருந்தால் அதன் ஒரு கிலோ 2088 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஒன்றரைக் கிலோவைக் கழற்றுபவர் காற்றில் திறந்துவிட்டால் மூன்று டன்னுக்குமேல் போச்சு. வாயுவைச் சிலிண்டரில் மீட்டெடுக்கும் ஆளிடம் மட்டும் கொடுங்கள். புதியதில் ஆர்-32 என்றால் 675. புரொப்பேன் என்றால் கணக்கில் வராத அளவு.

#17 மாடிப்படி

ஏசியைப் பற்றிக் கேட்கவே நினைத்தேன். அது இந்தக் கோடையைத் தாண்டுமா என்பதே சந்தேகம். இப்போதே மாற்றிவிடவா?

#18 செங்கல்சூளை

முடிந்தவரை தள்ளுங்கள். இன்றைய வெப்பத்துக்கு அளவெடுத்து வாங்கினால், கூரைக்குக் காப்பு போட்ட பிறகு அது தேவைக்கு மிஞ்சிய பெட்டியாகிவிடும். மிஞ்சிய பெட்டி சட்டென்று குளிரவைத்து நின்றுவிடும், மறுபடி ஓடும். ஈரப்பதத்தை எடுக்க நேரம் இருக்காது. அறை சில்லென்று பிசுபிசுக்கும். கூரை வேலை முடியும்வரை ஒரு மேசை விசிறியால் சமாளிக்க முடியுமென்றால் சமாளியுங்கள். கண்டிப்பாக வாங்கியே ஆகவேண்டும் என்றால், காப்பு போட்ட கட்டடத்துக்கான கணக்கில் சிறியதாக வாங்குங்கள். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் வகையாக இருக்கட்டும். சூடும் தரும் ஹீட் பம்ப்பாக எடுத்தால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று, நான்கு யூனிட் வெப்பம் கிடைக்கும், பாய்லரை மெல்ல ஓய்வெடுக்க விடலாம்.

சோலாரும் அப்படித்தான். பேனல் இருபத்தைந்து வருடம் நிற்கும். ஒழுகும் கூரை மேல் இன்று மாட்டினால் நாளை கூரை வேலைக்காக எல்லாவற்றையும் கழற்றி மாட்டும் கூலி உங்கள் தலையில். கூரை முடிந்தபின் மாட்டுங்கள். மாட்டும் கால்களுக்கான இடத்தை மட்டும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள், நீர்த்தடுப்பைப் பிறகு துளைக்கக்கூடாது.

#19 மட்டுறுத்துநர்

அடுக்குமாடிச் சங்கம், வாடகை பற்றிய பதிவுகள் பெருகுவதால் அவற்றைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். #14, #15 மட்டும் இங்கே இருக்கட்டும், கூரை விவரம் அதில் இருக்கிறது.

#20 நிழல்தேடி

வெளிச்சுவருக்கு ஈபிஎஸ் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லவேண்டும். லண்டனில் கிரென்ஃபெல் கோபுரத்தில் 2017இல் 72 பேர் இறந்தார்கள். அதற்குச் சற்று முன்புதான் புதுப்பிப்பு முடிந்து, சுவருக்கு வெளியே காப்பும் அதன் மேல் பாலிஎத்திலீன் உள்ளீடு கொண்ட அலுமினியத் தகடும் பொருத்தியிருந்தார்கள். தகடுக்கும் காப்புக்கும் நடுவில் காற்றிடைவெளி. தீ அதன் வழியே மேலேறியது.

இரண்டு தளக் கட்டடத்தில் ஆபத்து அந்த அளவு இல்லை. இருந்தாலும் ஜன்னல் தலைப்பிலும் தளத்துக்குத் தளம் ஒரு பட்டையாகவும் எரியாத கனிமக் கம்பளிப் பலகை போடச் சொல்லுங்கள். பக்கத்துக் கட்டடம் நெருக்கமாக இருந்தால் முழுச் சுவருக்குமே கனிமக் கம்பளிதான். விலையும் எடையும் கூடுதல், கார்பனும் கொஞ்சம் கூடும். அந்தக் கூடுதலைக் கணக்குப் பார்க்காமல் கொடுக்கலாம்.

#21 மாடிப்படி

ரசீதுகளைக் கூட்டிப் பார்த்தேன். மொத்த யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு அடிப்படைச் செலவு. மீதிதான் கட்டடம் தின்பது. எதிர்க்கட்சி சொன்னது எங்கள் வீட்டுக்கும் பொருந்துகிறது, பின்னறையை நாங்கள் குளிர்காலத்தில் திறப்பதே இல்லை.

இப்போதைக்குத் திட்டம் இது: இந்த வருடம் கூரை, நீர்த்தடுப்போடு 10 செ.மீ. காப்பு. கூடவே இடுக்கு அடைப்பு, இரண்டு வெளியேற்று விசிறி, மேற்கு ஜன்னல்களுக்கு வெளித்தட்டி. பொறியாளரை வரச்சொல்லியிருக்கிறேன். அடுத்த கோடைக்குள் சின்ன ஹீட் பம்ப். சுவர்ப் பூச்சு இன்னும் நன்றாக இருப்பதால் அதைத் தொடப்போவதில்லை, உதிரத் தொடங்கும்போது பார்த்துக்கொள்கிறோம். சோலார் அதற்கும் முன்பே வந்துவிடலாம்.

ஜன்னல்தான் இழுபறி. மரச் சட்டங்கள் இரண்டு தவிர மற்றவை உறுதியாக இருக்கின்றன. தூக்கி எறிய மனமில்லை.

#22 பசுங்கணக்கு

எறியாதீர்கள். நல்ல மரம் கிடைப்பதே அரிது. உள்பக்கம் இரண்டாவது கண்ணாடிச் சட்டம் ஒன்றைப் பொருத்தினால் யு-மதிப்பு 2.8க்குப் பக்கத்தில் வந்துவிடும், லோ-ஈ கண்ணாடி என்றால் இன்னும் இறங்கும். முழுமாற்றத்தின் பலனில் பெரும்பகுதி, செலவில் சிறுபகுதி. சத்தமும் குறையும். புது அலுமினியச் சட்டம் என்றால், தாதுவிலிருந்து எடுத்த ஒரு கிலோ அலுமினியத்துக்கு உருக்கும் கட்டத்தில் மட்டும் 14, 15 யூனிட் மின்சாரம் போகிறது. மறுசுழற்சி அலுமினியத்துக்கு அந்த ஆற்றலில் இருபதில் ஒரு பங்கு போதும். அந்த இரண்டு கெட்ட சட்டத்துக்கு மாற்று வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள்.

#23 ஓதம்பார்ப்பவள்

இரண்டாவது கண்ணாடி போடும்போது உள்சட்டத்தின் ரப்பர் இறுக்கமாகவும் வெளிச்சட்டம் சற்றே தளர்வாகவும் இருக்கட்டும். தலைகீழாகச் செய்தால் வீட்டு நீராவி நடுவில் புகுந்து வெளிக்கண்ணாடியில் நிரந்தரமாகப் படியும், அதைத் துடைக்கக் கை போகாது.

அந்த இரண்டு ஜன்னலை மாற்றும்போது இன்னொன்றும் கவனியுங்கள். பிற்காலத்தில் சுவருக்கு வெளியே காப்பு வரப்போகிறது என்றால், புதுச் சட்டத்தைச் சுவரின் வெளிமுகத்தை ஒட்டி வையுங்கள், வெளிப்பக்கச் சட்டத்தின் அகலமும் இரண்டு மூன்று செ.மீ. கூடுதலாக இருக்கட்டும். காப்பு மடங்கிச் சட்டத்தின் மேல் ஏற அந்த இடம் வேண்டும். ஜன்னலடிப் பலகையும் 10 செ.மீ. காப்பைத் தாண்டி இன்னும் மூன்று, நான்கு செ.மீ. வெளியே நீளவேண்டும், அடியில் நீர்சொட்டும் பள்ளத்தோடு. இப்போதே நீளமாகப் போட்டுவிட்டால் அன்றைக்கு ஜன்னலைத் தொடவேண்டிய வேலை இருக்காது.